ஓட்டுநர் தேர்வுப் பதற்றமும் காதில் மாட்டிய கிளிப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

46 வயதுப் பெண்மணி ஒருவர் கழுத்து வலிக்காக எங்கள் பிசியோ கிளினிக்குக்கு வந்தார். இங்கே அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்காவும் கணவரும் உட்லண்ட்ஸ் பக்கம் சிறிய அளவில் கேட்டரிங் நடத்துகிறார்கள். வளைகாப்பு, பிறந்தநாள், அலுவலக மதியச் சாப்பாடு என்று வாரம் முழுக்க வேன் ஓடியாக வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்தவர் கணவர். சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைப் பாதித்த பிறகு அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. டிரைவர் வைத்தால் வரும் லாபமெல்லாம் சம்பளத்துக்கே போய்விடும். அதனால் அக்கா 3ஏ உரிமத்துக்கு, அதாவது ஆட்டோ கியர் வண்டிக்கான உரிமத்துக்கு, படிக்க ஆரம்பித்தார். விதிமுறைத் தேர்வுகள் இரண்டையும் முதல் தடவையிலேயே முடித்துவிட்டார். செய்முறைத் தேர்வில் மூன்று முறை தேறவில்லை.

இந்தத் தேர்வைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் செய்முறைத் தேர்வில் 18 குற்றப்புள்ளிகள் வரைதான் தாங்கும், அதற்கு மேல் போனால் தோல்வி. முதலில் வளாகத்துக்குள் எஸ் வளைவு, கிராங்க் வளைவு, பார்க்கிங், ஏற்றம் எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும், பிறகு பொதுச்சாலைக்குப் போக வேண்டும். நடைபாதை விளிம்பின் மேல் சக்கரம் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அக்காவுக்கு மூன்று முறையும் வளாகத்துக்குள்ளேயே சிக்கல். வகுப்பில் சுத்தமாகச் செய்கிற பார்க்கிங்கைத் தேர்வில் செய்ய முடியவில்லை.

பரிசோதனையில் தெரிந்தவை: இரு தோள்களிலும் டிரபீசியஸ் தசையின் மேல்பகுதி இறுகிக் கிடந்தது. தலையைத் திருப்பும் வீச்சு இரண்டு பக்கமும் குறைந்திருந்தது. தாடையைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. மூச்சு மார்பின் மேல்பகுதியில் மட்டும் ஓடியது. எல்லாவற்றையும்விட என் கவனத்தில் நின்றது வேறொன்று. மூன்றாவது தேர்வின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பார்க்கிங் இடத்துக்கு வந்ததும் மூச்சை நிறுத்திவிட்டார். சிகிச்சை மேஜையில் உட்கார்ந்தபடி, கார் எதுவும் இல்லாமலேயே. கழுத்து வலிக்கான காரணம் கழுத்தில் மட்டும் இல்லை என்று அப்போதே பிடிபட்டது.

அடுத்த முறை வந்தபோது கைப்பையிலிருந்து சிறிய பெட்டி ஒன்றை எடுத்தார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி அனுப்பியது. பேட்டரியில் ஓடும் மின்தூண்டல் கருவி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் காதில் கவ்வும் கிளிப்.

"ஏம்மா, இதைக் காதுல மாட்டினா படபடப்பு போயிடும்னு தம்பி சொல்றான். எங்கம்மா என்னடான்னா, தோப்புக்கரணம் போடு போதும், அதுவும் காதுதானேங்கறாங்க. நீ என்ன சொல்றே?"

நல்ல கேள்வி. அதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

காதில் எந்த இடம்

வேகஸ் என்பது பத்தாவது கபால நரம்பு. மூளையின் அடித்தண்டில் தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. மூளையிலிருந்து உத்தரவு கொண்டுபோகும் நரம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எதிர்த்திசையில், உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. இந்த நரம்பின் ஒரே ஒரு கிளை மட்டும் தோலுக்கு வருகிறது. அது வரும் இடம் காது. ஜெர்மானிய உடற்கூறு வல்லுநர் ஃபிரீட்ரிக் ஆர்னால்ட் பெயரில் அந்தக் கிளையை ஆர்னால்ட் நரம்பு என்பார்கள். காது குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதே, அது இந்தக் கிளையின் வேலைதான்.

ஆனால் காது முழுவதும் வேகஸ் கிடையாது. 2002இல் பியூக்கர், ஃபில்லர் என்ற இருவர் ஏழு சடலங்களின் 14 காதுகளை அறுத்துப் பார்த்து ஒரு வரைபடம் கொடுத்தார்கள். காதுத் துளைக்குச் சற்று மேலே, ஆள்காட்டி விரல் நுனி அமரும் அளவுக்கு ஒரு குழிவு இருக்கிறது. அந்தக் குழிவுக்கு நரம்பு கொடுப்பது, அவர்கள் பார்த்த எல்லாக் காதுகளிலும், வேகஸின் கிளை மட்டுமே. துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் டிரேகஸ் என்ற சிறு மேட்டில் 45 சதவீதக் காதுகளில்தான் வேகஸ் இருந்தது. டிரேகஸ் பற்றிய அந்தக் கணக்கில் முரண் இருக்கிறது என்று பிறகு வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மொத்தமே 14 காதுகள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று விற்கிற எத்தனையோ கருவிகளின் கிளிப் எங்கே கவ்வ வேண்டும் என்பதை இந்தச் சிறிய வரைபடம்தான் முடிவு செய்கிறது.

இனி தோடு போடும் சோணைக்கு வருவோம். அங்கே வருவது கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் வேறொரு நரம்பு. வேகஸுக்கும் சோணைக்கும் சம்பந்தம் இல்லை. ஆய்வுகளில் போலித் தூண்டல் தேவைப்படும்போது கிளிப்பைச் சோணையில்தான் மாட்டுகிறார்கள். அதே சுருசுருப்பு தெரியும், வேகஸ் மட்டும் தொடப்படாது. 2015இல் ஃபிரங்கோஸ் குழு எம்ஆர்ஐ படங்களை ஒப்பிட்டது இப்படித்தான். குழிவில் தூண்டியபோது மூளைத்தண்டில் வேகஸ் போய்ச் சேரும் நரம்பணுக் கூட்டமும், விழிப்புநிலையைக் கையாளும் லோகஸ் செரூலியஸ் என்ற பகுதியும், சோணையில் தூண்டியபோது இருந்ததைவிட அதிகமாக வேலை செய்தன.

தோப்புக்கரணத்தில் நாம் பிடிப்பது சோணையை. அதனால் காதைப் பிடிப்பதால் வேகஸ் விழிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கத்துக்கு உடற்கூறு இடம் தரவில்லை. உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு அதன் பலன் உண்டு, பிள்ளையார் முன்னால் நின்று போடுகிறவருக்கு மன நிறைவும் உண்டு. இரண்டுமே அக்காவின் அம்மாவுக்குத் தெரிந்த விஷயங்கள்தான், அவற்றை நான் மறுக்கவில்லை. இதே ஊரில் சீன மருத்துவர்கள் காதில் சிறு விதைகளை ஒட்டி அழுத்தச் சொல்வதைப் பார்க்கிறோம். காதைத் தொட்டால் உடல் அமைதியாகும் என்ற நம்பிக்கை நம் அண்டை வீடுகளிலும் இருக்கிறது. இந்த நம்பிக்கை எங்கள் வேலைக்கு எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பதற்றத்துக்கு இது உதவுமா

இதயத்தைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை அளவில் துடிக்கும். வேகஸ் அதை அழுத்திப் பிடித்து 60, 70க்குக் கொண்டுவருகிறது. உடலியக்கம் படித்தவர்கள் இதை வேகஸ் பிரேக் என்பார்கள். பயம் தட்டிய நொடியே அந்தப் பிரேக் தளர்கிறது, துடிப்பு எகிறுகிறது. அட்ரினலின் அதைத் தொடர்ந்து வருகிறது. கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மெதுவாக ஏறி 20, 30 நிமிடம் கழித்து உச்சத்தைத் தொடுகிறது. தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கும் மேடையேறும் பேச்சாளருக்கும் இதே வரிசைதான்.

காது வழியாக அந்தப் பிரேக்கை மறுபடி அழுத்த முடிந்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தில்தான் இந்த ஆய்வுகள் எல்லாம் பிறந்தன. மார்பில் கருவி பதித்து வேகஸைத் தூண்டும் அறுவை சிகிச்சைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் வலிப்பு நோய்க்கும், 2005இல் மருந்துக்கு அசையாத மனச்சோர்வுக்கும் அனுமதி கொடுத்தது. கத்தி இல்லாமல் காது வழியாகவே செய்யலாமா என்று 2000க்குப் பிறகு பலரும் முயன்றார்கள். 2014இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு, ஆரோக்கியமான 48 பேரின் டிரேகஸில் 15 நிமிடம் மின்தூண்டல் கொடுத்தது. இதயத்துடிப்பு மாறுபாட்டின் கணக்கு, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்ற கணக்கு, அமைதியின் பக்கம் சாய்ந்தது, உடலை உஷார்ப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகளில் தசைகளுக்குப் போகிறவற்றின் வேகம் குறைந்தது. இதைத்தான் கருவி விற்பவர்கள் விளம்பரங்களில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அவர்கள் காட்டாதது 2021இல் வந்த தொகுப்பாய்வு. வுல்ஃப் என்பவரும் சகாக்களும் அதுவரை நடந்த காதுத் தூண்டல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வேகஸ் சார்ந்த இதயத்துடிப்பு மாறுபாட்டில் உண்மைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வித்தியாசம் இல்லை என்பதற்கே வலுவான சான்று கிடைத்தது. எமரி பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து, பழைய அதிர்ச்சிகளை நினைவுபடுத்தும்போது உடல் பதறுவது தூண்டலால் குறைகிறது என்று 2020இல் காட்டின. ஆனால் அது காதில் மாட்டுவது இல்லை, கழுத்தில் வைக்கும் கருவி. ஒன்றில் கிடைத்த முடிவை இன்னொன்றுக்குச் சூட்டக் கூடாது.

ஆக, கருவி பொய் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, பலிக்கும் என்று உறுதி கொடுக்கவும் ஆதாரம் இல்லை. பக்க விளைவு பற்றி மட்டும் ஓரளவு தெளிவாகப் பேச முடியும். 2022இல் வெளிவந்த ஒரு பரிசீலனை 177 ஆய்வுகளில் 6,322 பேரின் விவரங்களைப் பார்த்தது. காது வலி, தலைவலி, சுருசுருப்பு போன்றவைதான் அதிகம். பெரிய ஆபத்து எதையும் தூண்டல்தான் கொண்டுவந்தது என்று காட்ட முடியவில்லை. இதையெல்லாம் அக்காவிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்குச் சரிவருதான்னு பாத்துருவோமா?" என்றார். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தானே பார்க்க விரும்புகிறவரோடு வேலை செய்வது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

மாட்டுவதற்கு முன்

கிளிப்பைத் தொடுவதற்கு முன்னால் அவரைப் பாலிகிளினிக் மருத்துவரிடம் அனுப்பினேன். 46 வயதில் படபடப்பு என்றால் எல்லாம் மனம்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் மாற்றமாக இருக்கலாம், இதயத்துடிப்பின் ஒழுங்கே தவறியிருக்கலாம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை இரண்டும் சரியாக இருந்தன. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். துடிப்பைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையாக இருந்தால் நாடியை வைத்து எதையும் சொல்ல முடியாமல் போயிருக்கும். பேஸ்மேக்கர் இல்லை, வலிப்பு இல்லை, மயங்கி விழுந்த வரலாறு இல்லை, கர்ப்பம் இல்லை. காதில் புண்ணோ சீழோ இல்லை. மருத்துவர் சம்மதித்த பிறகே தொடங்கினோம்.

கருவியின் அமைப்பு ஆய்வுகளில் வழக்கமாகப் பார்க்கிற அளவுகளுக்கு ஒத்து வந்தது: 25 ஹெர்ட்ஸ், துடிப்பு அகலம் 250 மைக்ரோ வினாடி. இடது காதைத் தேர்ந்தெடுத்தோம். வலப்பக்க வேகஸ் இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவுக்கு அதிகம் போகிறது என்பதால் இடது காது என்ற வழக்கம் வந்தது. காதைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை அவ்வளவு தேவையா என்பது விவாதத்துக்குரியது. இருந்தாலும் வழக்கத்தை மீற எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. மின்னோட்டத்தை ஒரே எண்ணில் நிறுத்தவில்லை. சுருசுரு என்று தெளிவாகத் தெரிய வேண்டும், குத்தக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டினால் குறைந்த மின்னோட்டமே போதும். காய்ந்த தோலில் மாட்டிவிட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் காது எரிகிறது.

ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. காரில் கருவி கூடாது. வீட்டில் 15 நிமிடம், கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

திருவுளச் சீட்டு

அக்காவின் மகள் பாலிடெக்னிக்கில் நர்சிங் படிக்கிறாள். மொத்த ஏற்பாட்டையும் அவள் கையில் கொடுத்தோம். டிபன் டப்பாவில் மடித்த சீட்டுகள்: சில சீட்டில் குழிவு, சிலவற்றில் சோணை, சிலவற்றில் மூச்சு மட்டும், சிலவற்றில் சும்மா உட்கார்வது. ஓட்டுநர் வகுப்பு இருக்கிற நாளில் மகள் ஒரு சீட்டு எடுப்பாள், அதில் வந்ததைச் செய்வார்கள். மூச்சு என்றால் நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கிறது, அந்த ஏற்ற இறக்கம் வேகஸின் வேலை. விடுமூச்சை நீட்டுவது மின்சாரம் இல்லாமல் அதே நரம்பைத் தொடும் வழி.

போலித் தூண்டலில் எப்போதும் ஒரு தொல்லை இருக்கிறது. கிளிப் எங்கே இருக்கிறது என்று மாட்டியிருப்பவருக்குத் தெரியும். இது போலி என்று மனதுக்குத் தெரிந்துவிட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும். அக்காவிடம் அந்தத் தொல்லை வேறு மாதிரி தீர்ந்தது. குழிவில் மாட்டும்போது தம்பியின் வார்த்தை மனதில் இருந்தது, சோணையில் மாட்டும்போது அம்மாவின் வார்த்தை. எந்த நரம்பு எங்கே போகிறது என்று நான் விளக்கியிருந்தும், சோணையைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறியது அவரை விட்டுப் போகவில்லை. "நீ சொல்றது சரிதாம்மா, ஆனா பிடிச்சதும் ஒரு தைரியம் வருது பாரு" என்றார். இரண்டு இடங்களுக்கும் ஏறத்தாழ சமமான நம்பிக்கை. ஆய்வுக்கூடத்தில் காசு செலவழித்தாலும் இந்தச் சமநிலை எளிதில் கிடைக்காது.

நோட்டுப்புத்தகத்தில் மூன்று நேரங்களில் குறித்தார்கள்: உட்காரும் முன், 15 நிமிடம் முடிந்ததும், பிறகு வகுப்பில் முதல் பார்க்கிங் முடிந்ததும். விரலில் மாட்டும் மானியில் நாடித்துடிப்பு, கூடவே பதற்றத்துக்கு அவரே கொடுக்கும் மதிப்பு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பக்கத்தில் ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தோம். கடைசியில் அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த வரிதான்.

நோட்டு சொன்னது

கிளிப் மாட்டிய நாட்களில் அக்கா தெளிவாக அமைதியானார். எட்டு என்று உட்கார்ந்தவர் நான்கு என்று எழுந்தார், நாடியும் இறங்கியது. சும்மா உட்கார்ந்த நாட்களில் இவ்வளவு இறங்கவில்லை. கைப்பேசியை எடுத்து வகுப்பு வீடியோக்களைப் பார்த்து இன்னும் பதறிய நாளும் உண்டு. மூச்சு மட்டும் செய்த நாட்கள் கிளிப் நாட்களுக்கு அருகிலேயே நின்றன.

குழிவா சோணையா என்று பிரித்துப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மகள் கட்டம் போட்டுக் காட்டினாள், தலைப்பை மறைத்துவிட்டு எது எது என்று என்னைக் கேட்டாள். என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்து, விரல் மானியை வைத்து, மூளைத்தண்டில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நுண்ணிய மாற்றம் இருந்தால் அது இந்த வலையில் மாட்டாது. ஆனால் அக்கா கேட்டது மூளைத்தண்டைப் பற்றி இல்லை. வண்டிக்குள் கை நடுங்காமல் இருக்குமா என்று கேட்டார்.

அதற்கான பதில் மூன்றாவது குறிப்பில் இருந்தது. வீட்டில் நான்கு என்று கிளம்பியவர் வளாகத்தில் எழுதியது வேறு. முதல் பார்க்கிங் முடிந்ததும் ஒன்பது. குழிவு நாளிலும் ஒன்பது, சோணை நாளிலும் ஒன்பது, மூச்சு நாளிலும் எட்டரை, ஒன்பது. வீட்டில் சம்பாதித்த அமைதி அந்த இடத்தில் கரைந்துபோனது.

பக்கத்து வரியைப் பார்த்தோம். "இன்னிக்கு மழை." "வண்டி வேற." பிறகு, வேறு வேறு நாட்களில், ஒரே விஷயம்: "வாத்தியார் பேனா எடுத்தார்." "எதோ எழுதினார்." "எழுதலை, ஆனா பேனாவை எடுத்தாரு."

கேட்டேன். தேர்வில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எதையோ குறிக்கிறார் என்று கண்ணோரத்தில் பட்டதுமே காது அடைத்துவிடுகிறதாம். கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது, மூச்சு நிற்கிறது, கழுத்து திரும்ப மறுக்கிறது. பின்பக்கம் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க முடியவில்லை. பார்க்கிங் கெடுகிறது. என்னிடம் கொண்டுவந்த கழுத்து வலியும் அந்த நொடியில்தான் உற்பத்தியாகிறது. பள்ளியில் படிக்கும்போது கணக்கு ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு பின்னால் வந்து நிற்பார் என்பதையும் சொன்னார். அதைத் தோண்டுவது என் துறை இல்லை, அவரும் விரும்பவில்லை.

என் கருத்து இங்கேதான் உருவானது. காதுக் கிளிப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர், எவ்வளவு மின்னோட்டம், எந்தக் காது, எத்தனை நிமிடம் என்று கேட்கிறார்கள். திடீர்ப் பதற்றம் எந்த நொடியில் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அக்காவின் பதற்றம் தேர்வு நாள் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை, ஒரு பேனாவின் அசைவில் இருந்தது. முன்கூட்டியே செய்த எதுவும், அது உண்மையான வேகஸ் தூண்டலாகவே இருந்தாலும், அந்த நொடி வரை தாக்குப்பிடிக்கவில்லை. அந்த நொடியில் கருவி பக்கத்தில் இருக்கவும் முடியாது.

பேனாவோடு பழகுதல்

அப்புறம் செய்தது மிக எளிது. சாப்பாட்டு மேஜைக்கு முன் நாற்காலி, கையில் ஒரு எவர்சில்வர் தட்டு ஸ்டியரிங்காக. இடப்பக்கம் மகள், நோட்டும் பேனாவுமாக. அக்கா பார்க்கிங்கை ஒவ்வொரு அடியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார்: கண்ணாடி பார்க்கிறேன், இடது தோளுக்கு மேல் பார்க்கிறேன், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புகிறேன். இடையில் எப்போது வேண்டுமானாலும் மகள் பேனாவை எடுத்துக் கிறுக்குவாள். கிறுக்கும் சத்தம் கேட்டதும் அக்கா செய்ய வேண்டியது மூன்றுதான்: மூச்சை நீளமாக விட வேண்டும், விரல்களைத் தட்டின் விளிம்பிலிருந்து ஒருமுறை தளர்த்திப் பிடிக்க வேண்டும், பேச்சை நிறுத்தாமல் தொடர வேண்டும். பேச்சு தொடர்ந்தால் மூச்சு நின்றுபோக வழியே இல்லை. அதனால்தான் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன்.

முதல் நாள் நாற்காலியிலேயே வியர்த்துவிட்டது. மகளுக்கு அம்மாவை அப்படிப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, நிறுத்திவிடலாமா என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். அளவைக் குறைக்கச் சொன்னேன்: முதலில் பேனாவை மேஜையில் வைத்திரு, பிறகு கையில் எடு, பிறகு எழுது. பயத்தைச் சிறு சிறு துண்டாகக் கொடுத்துப் பழக்குவது மனநல மருத்துவத்தில் நன்கு வேர்விட்ட முறை. அதில் அனுபவமுள்ள சக உளவியலாளர் ஒருவரிடம் எங்கள் திட்டத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு வாத்தியாரிடம் அக்காவே பேசினார். ஒவ்வொரு வகுப்பிலும் காரணமே இல்லாமல் அடிக்கடி எதையாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் மனதார ஒத்துழைத்தார். மளிகைப் பட்டியல் எழுதுவாராம்.

கிளிப்பை நான் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த 15 நிமிடம் அடுப்படியிலிருந்து, ஆர்டர் போன்களிலிருந்து, கணவரின் கண் பற்றிய கவலையிலிருந்து அக்காவை உட்கார வைத்தது. கையில் கருவி இருந்ததால் வீட்டில் யாரும் அந்த நேரத்தில் அவரைக் கூப்பிடவில்லை. வெறுமனே கண்ணை மூடி உட்கார்ந்தால் நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். காதில் வயர் இருந்தால்தான் ஓய்வு என்று ஏற்றுக்கொள்வார்கள் என்றால், அந்த வயரைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

நோட்டில் மூன்றாவது குறிப்பு மெல்ல இறங்கியது. ஒன்பது ஏழானது, ஏழு ஐந்தானது. கழுத்துத் தசைகளும் கூடவே தளர்ந்தன. நான் கையால் செய்த சிகிச்சை அதுவரை இரண்டு நாள்கூடத் தாங்காமல் இருந்தது, இப்போது அடுத்த வாரம் வரை தாங்கியது.

நான்காவது தேர்வு நாளன்று குழிவில் மாட்டப் போவதாக அக்காவே முடிவு செய்தார். தம்பி ஆசையாக அனுப்பியது என்பதால். காத்திருப்பு அறையில் மூச்சு. காருக்குள் நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "எழுதினாருமா. ரெண்டு தடவை எழுதினாரு. எனக்குக் கேட்டுச்சு. வாயில முணுமுணுன்னு சொல்லிக்கிட்டே திருப்பிட்டேன்." தேறிவிட்டார்.

கிளிப் வாங்கியிருப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டுக் கருவி வாங்க நினைப்பவர்கள் இருப்பார்கள். சிங்கப்பூரில் சிகிச்சைக்கு என்று விற்கப்படும் கருவிகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன, ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகைப்படுத்துகிறார்கள். ஆணையத்தின் இணையத்தளத்தில் கருவிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். இணையத்தில் வாங்கும் பல கிளிப்புகள் பொது நலத்துக்கு என்று மட்டும் சொல்லி விற்கப்படுகின்றன. அவை நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். முதுகு வலிக்கு வைத்திருக்கும் டென்ஸ் கருவியில் (தோல் வழியாக மின்னோட்டம் கொடுப்பது) கிளிப் மாட்டிக் காதில் வைப்பதும் வேண்டாம். அதன் மின்னோட்டம் முதுகின் பெரிய பட்டைக்கு அளந்தது, காதின் சிறு புள்ளிக்கு அதிகம்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி பதித்தவர்கள், இதயத்துடிப்பு மெதுவாக இருப்பவர்கள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், அடிக்கடி மயக்கம் வருபவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாட்டியிருக்கும்போது தலை சுற்றினால் உடனே கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். படபடப்போடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் கிளிப்பைத் தேடாமல் 995ஐ அழையுங்கள். தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, வாழ்வதே பாரமாகத் தோன்றுகிற நிலை என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுக்க இருக்கிறது.

இப்போது

வேனின் கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான அட்டையோடு அக்கா ஓட்டுகிறார். உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் வரை பயமில்லை. கிளிப் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அதுவும் பெரிய ஆர்டர் முடிந்த இரவுகளில். கழுத்துக்காக மாதம் ஒருமுறை வருகிறார்.

சென்ற முறை புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். விரைவுச்சாலையில் சேர முடியவில்லை. உட்லண்ட்ஸ் அவென்யூ 12இலிருந்து எஸ்எல்இ என்ற சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறும் இடத்தில் கை மறுபடி இறுகுகிறது. எந்த நொடியில் என்று கேட்டேன். பக்கத்துக் கண்ணாடியில் லாரி தெரியும்போதா, சிக்னல் போடும்போதா, வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று தெரிந்தபோதா? யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்து குறைந்த நேரத்தில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிப் பார்ப்பதாகத் திட்டம். நோட்டுப்புத்தகத்தை மகள் எடுத்துவைத்திருக்கிறாள்.